டெல்லி - சான் பிரான்சிஸ்கோ விமானப் பயணம்: தூரம் ஒன்றுதான்... நேரம் மட்டும் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது?

டெல்லியில் இருந்து அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ எவ்வளவு தூரம்? செல்போனில் தட்டினால் அரை நொடியில் பதில் வந்துவிடும்: சுமார் 12,400 கிலோமீட்டர். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது. ஒரு இடத்தில் பதினாலரை மணி நேரம் என்று இருக்கும். இன்னொரு இடத்தில் 16 மணி நேரம் என்று இருக்கும். டிக்கெட்டில் உள்ள புறப்படும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் வைத்துக் கழித்துப் பார்த்தால் வெறும் மூன்றரை மணி நேரம்தான் வருகிறது! போன வருஷம் போய் வந்தவரைக் கேட்டால் அவர் வேறொரு கணக்கு சொல்வார்.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. இரண்டு ஊருக்கும் இடையே உள்ள தூரம் மாறாது. ஆனால் விமானம் எந்தப் பாதையில் போகிறது, எந்தக் காற்று அடிக்கிறது, கீழே இருக்கும் நாடு யாருடையது என்பதெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். பயண நேரத்தை முடிவு செய்வது இவைதான்.

தமிழ்நாட்டில் இருந்து சான் ஹோசே, ஃப்ரீமான்ட், சன்னிவேல் என்று சிலிக்கான் வேலி பக்கம் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் அப்பா அம்மாக்கள் நிறைய பேர். அவர்களுக்கு இந்த ஒன்றிரண்டு மணி நேர வித்தியாசம் சும்மா ஒரு தகவல் இல்லை. முழங்கால் வலி, சர்க்கரை மாத்திரை, இணைப்பு விமானம், டிக்கெட் விலை எல்லாம் அதில்தான் அடங்கியிருக்கிறது.

சரி, 12,400 கி.மீ என்பது எந்த வழி?

சுவரில் மாட்டியிருக்கும் உலக வரைபடத்தைப் பார்த்தால், டெல்லியில் இருந்து மேற்கே ஐரோப்பா, அட்லாண்டிக் கடல் தாண்டிப் போக வேண்டும் என்று தோன்றும். அல்லது கிழக்கே ஜப்பான், பசிபிக் கடல் வழியாக. இரண்டுமே மிகக் குறுகிய வழி கிடையாது.

உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரித்தால் வடக்குப் பகுதி ரப்பர் மாதிரி இழுபட்டுப் பெரிதாகத் தெரியும். அதனால் வரைபடத்தை நம்பாமல், வீட்டில் குழந்தைகளின் உலக உருண்டை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். டெல்லியில் ஒரு நூலின் நுனியை வைத்து, மறு நுனியை சான் பிரான்சிஸ்கோவில் வைத்து, இறுக்கமாக இழுத்துப் பாருங்கள். நூல் மேற்கேயும் போகாது, கிழக்கேயும் போகாது. ஏறக்குறைய நேராக வடக்கே போகும்!

டெல்லியில் இருந்து வடக்கே, கொஞ்சமே கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்து, இமயமலையைக் கடந்து, சீனாவின் ஷின்ஜியாங் பாலைவனம், ரஷ்யா, சீனா, மங்கோலியா, கஜகஸ்தான் நான்கும் சந்திக்கும் அல்தாய் மலைப் பகுதி, ரஷ்யாவின் கிராஸ்நோயார்ஸ்க் நகரம், சைபீரியா என்று ஏறிக்கொண்டே போகும். ஆர்க்டிக் கடலில் சுமார் 75 டிகிரி வடக்கு அட்சரேகை வரை போய்த்தான் அந்தக் கோடு திரும்புகிறது. பிறகு அலாஸ்காவின் வட முனையில் இறங்கி, கனடாவின் மேற்குக் கரையை ஒட்டி வந்து சான் பிரான்சிஸ்கோவைத் தொடும். அதாவது அமெரிக்காவுக்குள் பக்கவாட்டில் நுழைவதில்லை, மேலே இருந்து இறங்குகிறோம்.

இந்த நூல் கோட்டின் நீளம்தான் அந்த 12,400 கி.மீ. பெரிய பயணிகள் விமானம் ஒன்று உயரத்தில் மணிக்கு சுமார் 900 கி.மீ வேகத்தில் பறக்கும். அப்படியானால் 12,400ஐ 900ஆல் வகுத்தால் 13 மணி 45 நிமிடம். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஓடுபாதையில் நகர்வதற்கும் ஒரு அரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளலாம். பதினாலே கால் மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கோட்டின் மேல் அப்படியே யாரும் பறப்பதில்லை.

காற்று செய்யும் வேலை

தரையில் இருந்து 9 முதல் 12 கி.மீ உயரத்தில், அதாவது விமானங்கள் பறக்கும் அதே உயரத்தில், மேற்கில் இருந்து கிழக்கு நோக்கி ஒரு காற்று ஆறு ஓடிக்கொண்டே இருக்கிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்று பெயர். மணிக்கு 150 கி.மீ, 200 கி.மீ என்பதெல்லாம் இதற்குச் சாதாரணம். குளிர்காலத்தில் 300ஐக் கூடத் தாண்டும்.

ஆற்றில் படகு ஓட்டுவது மாதிரிதான். நீரோட்டத்தோடு போனால் சுகம், எதிர்த்துப் போனால் துடுப்பு போட்டே கை ஓய்ந்துவிடும். மணிக்கு 900 கி.மீ வேக விமானத்துக்கு எதிரே 100 கி.மீ காற்று அடித்தால், தரையை வைத்துப் பார்க்கும்போது அது 800 கி.மீ வேகத்தில்தான் நகர்கிறது. 12,400 கி.மீ போக பதினைந்தரை மணி நேரம். அதே காற்று பின்னால் இருந்து தள்ளினால் வேகம் 1,000 கி.மீ. நேரம் 12 மணி 24 நிமிடம். ஒரே தூரம், மூன்று மணி நேர வித்தியாசம்!

2020 பிப்ரவரியில் ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் நியூயார்க்கில் இருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது ஞாபகம் இருக்கலாம். கியாரா புயலோடு சேர்ந்து வந்த காற்று தள்ளியதில் தரைக் கணக்கில் மணிக்கு 1,300 கி.மீ-க்கு மேல் போனது. ஒலியின் வேகத்தைத் தாண்டிவிட்டதாக சிலர் பகிர்ந்தார்கள், அது தவறு. சுற்றியிருக்கும் காற்றோடு ஒப்பிட்டால் அது வழக்கமான வேகத்தில்தான் பறந்தது. ஆறுதான் வேகமாக ஓடியது.

இந்தக் காற்றை வைத்து ஏர் இந்தியா செய்த ஒரு காரியம் சுவாரஸ்யமானது.

டெல்லி - சான் பிரான்சிஸ்கோ நேரடி சேவையை அந்த நிறுவனம் 2015 டிசம்பரில் தொடங்கியது. விமானம் போயிங் 777-200எல்ஆர். அப்போது மேற்கு நோக்கி அட்லாண்டிக் பக்கமாகப் போனது, சுமார் 13,900 கி.மீ. எதிர்க்காற்று. 2016 அக்டோபரில் பாதையை அப்படியே தலைகீழாக மாற்றினார்கள். கிழக்கே வங்கதேசம், மியான்மர், சீனா, ஜப்பான் தாண்டி பசிபிக் கடல் வழியாக. தூரம் 15,300 கி.மீ. அதாவது 1,400 கி.மீ கூடுதல். ஆனால் நேரம் பதினாலரை மணி நேரமாகக் குறைந்தது, பழைய பாதையை விட கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் மிச்சம்!

15,300ஐ பதினாலரையால் வகுத்துப் பாருங்கள். மணிக்கு 1,050 கி.மீ-க்கும் மேல். பயணம் முழுக்கக் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியிருக்கிறது.

திரும்பி வரும்போதும் கிழக்கு நோக்கியே, அட்லாண்டிக் வழியாக வந்தார்கள். அதனால் போய் வந்தால் உலகத்தையே ஒரு சுற்று சுற்றிவிடுவீர்கள். நடுவில் பசிபிக்கில் சர்வதேச தேதிக் கோடு வேறு. ஞாயிறு அதிகாலை டெல்லியில் கிளம்பி, நடுக்கடலில் சனிக்கிழமைக்குள் போய், மறுபடியும் ஞாயிறுக்குள் வந்து, ஞாயிறு காலையில் இறங்கலாம். ராகு காலம் பார்த்துக் கிளம்புகிறவர்களுக்கு இது கொஞ்சம் சிக்கல்தான்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று. இன்று உலகின் மிக நீண்ட நேரடி விமான சேவை என்று சொல்லப்படும் சிங்கப்பூர் - நியூயார்க் தடமும் சுமார் 15,300 கி.மீ-தான். அதற்கு 18 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. கிட்டத்தட்ட அதே தூரத்தை ஏர் இந்தியா பதினாலரை மணி நேரத்தில் கடந்திருக்கிறது. அதனால்தான் தூரத்தை மட்டும் வைத்து நேரத்தைச் சொல்ல முடியாது என்கிறோம்.

இன்னொரு விஷயம், ஜெட் ஸ்ட்ரீம் நிலையாக ஒரே இடத்தில் இருக்காது. நாளுக்கு நாள் வளையும், நகரும். விமானம் கிளம்புவதற்கு சில மணி நேரம் முன்பு அன்றைய காற்று வரைபடத்தைப் பார்த்துத்தான் அன்றைய பாதையை முடிவு செய்கிறார்கள். நேற்று உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் போன பாதையில் இன்று நீங்கள் போவீர்கள் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

வானத்துக்கும் பட்டா உண்டு

காற்றையாவது கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுவிடலாம். கீழே இருக்கும் நாடுகளை எப்படிக் கணக்குப் போடுவது?

1944ல் கையெழுத்தான சிகாகோ ஒப்பந்தத்தின் முதல் பிரிவே, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்துக்கு மேலே உள்ள வான்பரப்பில் முழு உரிமை உண்டு என்கிறது. அனுமதி இல்லாமல் உள்ளே நுழைய முடியாது. அனுமதி கிடைத்தாலும் கட்டணம் உண்டு. நெடுஞ்சாலை டோல்கேட் மாதிரிதான், வண்டி எடைக்கும் போகும் தூரத்துக்கும் ஏற்ப பில் வரும். சண்டை வந்தால் கேட்டையே மூடிவிடுவார்கள்.

டெல்லியில் இருந்து அந்த நூல் கோட்டில் போக நினைக்கும் விமானத்துக்கு முதல் தடை அரசியல் இல்லை, மலை. டெல்லிக்கு வடக்கே இமயமலை, அதைத் தாண்டினால் திபெத் பீடபூமி. அதன் சராசரி உயரமே 4,500 மீட்டருக்கு மேல். அடிக்கணக்கில் சொன்னால் கிட்டத்தட்ட 15,000 அடி. விமானத்துக்குள் காற்றழுத்தம் திடீரென்று குறைந்தால், விமானி உடனே 10,000 அடிக்கு இறக்க வேண்டும், அங்கேதான் முகமூடி இல்லாமல் மூச்சு விட முடியும். தலைக்கு மேலே இருந்து விழும் ஆக்சிஜன் முகமூடி பொதுவாக 12 முதல் 20 நிமிடம் வரைதான் தாங்கும். கீழே 15,000 அடியில் தரையே இருந்தால் 10,000 அடிக்கு எப்படி இறங்குவது? அதனால் விமானங்கள் கூடுமான வரை இந்தப் பகுதியைச் சுற்றித்தான் போகின்றன. மேற்கே பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கமாக வளைந்து போக வேண்டும், அல்லது கிழக்கே வங்கதேசம், மியான்மர் பக்கமாக.

மேற்குப் பக்கம் போகும் வழியின் வாசலில் இருப்பது பாகிஸ்தான். அந்த வாசல் எப்போது மூடும் என்பது டெல்லியில் உள்ள விமான நிறுவனத்தின் கையில் இல்லை.

2019 பிப்ரவரியில் பாலகோட் தாக்குதலுக்குப் பிறகு பாகிஸ்தான் தன் வான்பரப்பை மூடியது. ஜூலை 16 அன்றுதான் முழுமையாகத் திறந்தது. அந்த நாலரை மாதத்தில் ஜூலை 2 வரை மட்டும் ஏர் இந்தியாவுக்கு 491 கோடி ரூபாய் இழப்பு என்று மத்திய அரசு மாநிலங்களவையில் சொன்னது.

2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு மறுபடியும் அதே கதை. ஏப்ரல் 24 அன்று இந்திய விமானங்களுக்கு பாகிஸ்தான் வான்பரப்பை மூடியது. ஏப்ரல் 30 அன்று இந்தியாவும் பாகிஸ்தான் விமானங்களுக்கு மூடியது. இரண்டு தரப்பும் தடையை மாதாமாதம் நீட்டித்து வந்தன. டெல்லியில் இருந்து மேற்கே போக வேண்டிய விமானங்கள் முதலில் தெற்கே இறங்கி, குஜராத் தாண்டி அரபிக்கடலுக்குப் போய், அங்கிருந்து மறுபடியும் மேலே ஏற வேண்டிய நிலை. அமெரிக்கா, கனடா போகும் சில ஏர் இந்தியா விமானங்கள் நடுவில் வியன்னாவிலும் கோபன்ஹேகனிலும் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயின. தடை ஒரு வருஷம் நீடித்தால் சுமார் 60 கோடி டாலர் கூடுதல் செலவு ஆகும் என்று ஏர் இந்தியா அரசிடம் கணக்கு கொடுத்ததாகச் செய்திகள் வந்தன. டெல்லி - வாஷிங்டன் நேரடி சேவையை 2025 செப்டம்பர் முதல் நிறுத்தியபோது, விமானங்கள் பற்றாக்குறையோடு இந்த வான்வழித் தடையையும் ஒரு காரணமாக அந்த நிறுவனம் சொன்னது.

இரண்டு மணி நேரம் கூடுதலாகப் பறந்தால் என்ன, கொஞ்சம் எரிபொருள் கூடுதலாகப் போட்டுக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். அது பஸ்ஸுக்கு டீசல் போடுவது மாதிரி இல்லை. 777-200எல்ஆர் விமானத்தின் டேங்கில் சுமார் 1,81,000 லிட்டர் பிடிக்கும், எடையில் 145 டன். முழு பாரத்தோடு அந்த விமானம் கிளம்பக்கூடிய அதிகபட்ச எடையே 347 டன்தான். அதாவது மேலே ஏறும்போது விமானத்தின் எடையில் நாற்பது சதவீதம் எரிபொருளாக இருக்கலாம்! கூடுதலாக ஏற்றும் எரிபொருளைச் சுமக்கவே அதில் ஒரு பங்கு எரிந்துபோகும். எடை வரம்பைத் தொட்டுவிட்டால் சரக்கைக் குறைக்க வேண்டும், அதற்கும் மேல் சில சீட்டுகளைக் காலியாக விட வேண்டும். காலி சீட்டின் காசையும் மீதி சீட்டில் உட்கார்ந்திருப்பவர்தான் கொடுக்கிறார் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

ரஷ்யா திறந்திருக்கிறது... யாருக்கு?

டெல்லி - சான் பிரான்சிஸ்கோ குறுகிய பாதையில் மிகப் பெரிய பங்கு ரஷ்யாவுக்கு மேலேதான். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் ஐரோப்பிய நாடுகளும் அமெரிக்காவும் ரஷ்ய விமானங்களுக்குத் தங்கள் வான்பரப்பை மூடின. பதிலுக்கு ரஷ்யாவும் மூடியது. இந்தியா அந்தத் தடைகளில் சேரவில்லை. அதனால் ஏர் இந்தியா இன்னும் ரஷ்யாவுக்கு மேலே பறக்க முடிகிறது, அமெரிக்க நிறுவனங்களால் முடியாது. இதே சான் பிரான்சிஸ்கோ - டெல்லி தடத்தில் 2019 டிசம்பரில் நேரடி சேவை தொடங்கிய யுனைடெட் ஏர்லைன்ஸ், 2022ல் அதை நிறுத்திவிட்டது.

இந்திய நிறுவனத்துக்கு இது பெரிய சலுகைதான். ஆனால் அந்தச் சலுகைக்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது. 2023 ஜூன் 6 அன்று அது என்னவென்று உலகத்துக்கே தெரிந்தது.

அன்று டெல்லியில் இருந்து சான் பிரான்சிஸ்கோ கிளம்பிய ஏஐ 173 விமானத்தின் ஒரு இன்ஜினில் கோளாறு. 216 பயணிகள், 16 ஊழியர்கள். விமானி பத்திரமாக இறக்கினார். இறங்கிய இடம் ரஷ்யாவின் தூரக் கிழக்கில் உள்ள மகதான். ஸ்டாலின் காலத்தில் கைதிகளைக் கொலிமா சுரங்கங்களுக்கு அனுப்பிய துறைமுக ஊர் அது. நூல் கோட்டில் இருந்து வெகு தெற்கே இருக்கிறது, அன்று விமானம் எவ்வளவு வேறு பாதையில் போயிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

எல்லோருக்கும் ஹோட்டல் அறை கிடைக்கவில்லை. பலர் பள்ளிக்கூடத்தில் தரையில் மெத்தை போட்டுப் படுத்தார்கள். மொழி தெரியாது, பழக்கமில்லாத சாப்பாடு. பயணிகளில் அமெரிக்கர்களும் இருந்ததால் வாஷிங்டனில் கவலை. விமானமும் அமெரிக்கத் தயாரிப்பு, இன்ஜினும் அமெரிக்கத் தயாரிப்பு, நின்றதோ அமெரிக்கா பொருளாதாரத் தடை போட்டிருக்கும் நாட்டில். கடைசியில் மும்பையில் இருந்து மாற்று விமானம் போய், ஜூன் 8 அன்று பயணிகளை சான் பிரான்சிஸ்கோவுக்கு ஏற்றிச் சென்றது. 16 மணி நேரப் பயணம் இரண்டு நாளுக்கு மேல் இழுத்துவிட்டது.

2024 ஜூலை 18 அன்று இதே தடத்தில் இன்னொரு விமானம். சரக்கு அறைப் பகுதியில் ஏதோ பிரச்சனை என்று எச்சரிக்கை வந்ததால், 225 பயணிகள், 19 ஊழியர்களோடு கிராஸ்நோயார்ஸ்க்கில் இறக்கப்பட்டது. நம் நூல் கோடு ஏறக்குறைய அந்த ஊருக்கு மேலேயேதான் போகிறது. அப்போதும் மும்பையில் இருந்து மாற்று விமானம் அனுப்ப வேண்டியிருந்தது.

இரண்டு சம்பவத்திலும் யாருக்கும் ஆபத்து இல்லை. அதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏன்னா இரண்டு இன்ஜின் விமானம் ஒரே இன்ஜினில் எவ்வளவு நேரம் பறக்கலாம் என்பதற்குக் கறாரான விதி இருக்கிறது. அந்த நேரத்துக்குள் போய் இறங்க ஒரு விமான நிலையம் எப்போதும் எட்டும் தூரத்தில் இருக்கும்படிதான் பாதையையே போடுவார்கள். மகதானும் கிராஸ்நோயார்ஸ்க்கும் அப்படி எட்டும் தூரத்தில் இருந்த ஊர்கள்தான். ஆனால் பாதுகாப்பாக இறங்குவது வேறு, இறங்கிய பிறகு வசதியாக இருப்பது வேறு. பிரஷர் மாத்திரையைச் செக்-இன் பெட்டியில் போட்டுவிட்டு வெறுங்கையோடு ஏறுகிறவர்கள் இந்த இரண்டாவது விஷயத்தை யோசிக்க வேண்டும்.

வட துருவத்துக்கு மேலேயும் போவார்களா?

போவார்கள். 2019 ஆகஸ்ட் 15 அன்று ஏர் இந்தியாவின் டெல்லி - சான் பிரான்சிஸ்கோ விமானம் துருவப் பாதையில் பறந்தது, இந்திய நிறுவனம் ஒன்று பயணிகளோடு அந்த வழியில் போனது அதுதான் முதல் முறை. 2021 ஜனவரியில் கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகள் மட்டுமே ஓட்டிய விமானம் சான் பிரான்சிஸ்கோவில் இருந்து வட துருவத்துக்கு மேலாக பெங்களூரு வந்து சேர்ந்தது. சுமார் 14,000 கி.மீ.

அங்கே குளிர்தான் எதிரி. விமான எரிபொருள் வகையைப் பொறுத்து மைனஸ் 40 அல்லது மைனஸ் 47 டிகிரியில் உறைய ஆரம்பிக்கும், வெளியே அதை விடக் குளிர் இருக்கலாம். டேங்கின் வெப்பநிலையை விமானிகள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். குறைந்தால் கீழே இறங்கியோ வேகம் கூட்டியோ சமாளிக்க வேண்டும். பூமத்திய ரேகைக்கு மேலே நிற்கும் தகவல் தொடர்பு செயற்கைக்கோள்களின் பார்வை 82 டிகிரிக்கு மேல் எட்டாது என்பதால் பழைய பாணி ரேடியோவும் கை கொடுக்க வேண்டும். கடும் குளிர் உடைகளும் விமானத்தில் இருக்கும், அவை பயணிகளுக்கு இல்லை, அவசரத்தில் வெளியே இறங்கி வேலை பார்க்க வேண்டிய ஊழியர்களுக்கு.

சென்னையில் இருந்து போகிறவர்களுக்கு எந்த வழி கிட்டம்?

சென்னையில் இருந்து அமெரிக்காவுக்கு நேரடி விமானம் கிடையாது. எங்காவது ஒரு இடத்தில் மாறித்தான் ஆக வேண்டும்.

சென்னை - சான் பிரான்சிஸ்கோ நேர்கோட்டு தூரம் சுமார் 13,900 கி.மீ. டெல்லி போய் மாறினால் சென்னை - டெல்லி 1,760, டெல்லி - சான் பிரான்சிஸ்கோ 12,400. மொத்தம் 14,100 கி.மீ சொச்சம். வெறும் 200 கி.மீ-தான் கூடுதல், சென்னையில் இருந்து வேலூர் தாண்டிப் போகும் தூரம்! அமெரிக்கா போக எதுக்கு வடக்கே டெல்லி போகணும் என்று சிலர் அலுத்துக்கொள்வார்கள். ஆனால் மேலே சொன்ன நூல் கணக்குப்படி வடக்கே போவதே அமெரிக்கா பக்கம் போவதுதான்.

துபாய் வழியாகப் போனால் முதல் கட்டம் 2,900 கி.மீ, அடுத்தது சுமார் 13,000 கி.மீ. மொத்தம் கிட்டத்தட்ட 16,000. சிங்கப்பூர் வழியாகப் போனால் 2,900, பிறகு சுமார் 13,600. மொத்தம் 16,500 கி.மீ. தூரத்தில் இதுதான் அதிகம். ஆனால் சிங்கப்பூரில் இருந்து பசிபிக்கைக் கடக்கும் விமானத்துக்குக் காற்று முதுகுக்குப் பின்னால் இருந்து அடிக்கும், அதனால் தூரத்துக்கு ஏற்ற அளவு நேரம் கூடாது.

உண்மையில் இந்த மூன்றில் எது சீக்கிரம் என்பதை முடிவு செய்வது நடுவில் காத்திருக்கும் நேரம்தான். வானத்தில் ஒரு மணி நேரம் மிச்சம் பிடித்துவிட்டு விமான நிலைய நாற்காலியில் ஏழு மணி நேரம் உட்கார்ந்தால் என்ன லாபம்? டிக்கெட் போடும்போது மொத்தப் பயண நேரத்தைப் பாருங்கள். ஆனால் காத்திருப்பு ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால் அதையும் சந்தேகத்தோடு பாருங்கள். முதல் விமானம் கொஞ்சம் தாமதமானாலும் கதை கந்தல்.

டிக்கெட்டில் கவனிக்க வேண்டியவை

'டைரக்ட்' என்ற வார்த்தையும் 'நான்-ஸ்டாப்' என்ற வார்த்தையும் ஒன்று இல்லை. நான்-ஸ்டாப் என்றால் நடுவில் எங்குமே இறங்காது. டைரக்ட் என்றால் விமான எண் ஒன்றுதான், ஆனால் நடுவில் ஒரு ஊரில் இறங்கி ஏறலாம். எரிபொருள் நிரப்ப மட்டும் இறங்குவதை டெக்னிக்கல் ஸ்டாப் என்பார்கள். அப்போது பெரும்பாலும் பயணிகளைக் கீழே இறக்க மாட்டார்கள், சீட்டிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். வான்வழித் தடை காலத்தில் டிக்கெட் போட்ட பிறகும் இப்படி ஒரு நிறுத்தம் சேர்க்கப்படலாம் என்பதால், கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு நிறுவனத்தின் தளத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

சான் பிரான்சிஸ்கோவில் இறங்கி லாஸ் ஏஞ்சலஸ், சியாட்டில் என்று வேறு ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். குடியேற்றச் சோதனை நீங்கள் முதலில் இறங்கும் அமெரிக்க ஊரிலேயே நடக்கும். வழக்கமாகப் பெட்டியையும் அங்கே எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடியும் கொடுக்க வேண்டும். அதற்கு இரண்டு மூன்று மணி நேரமாவது விட்டு அடுத்த விமானத்தைப் போடுங்கள்.

பதினாறு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம் கொஞ்சம் கூடுகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து நடந்துவிட்டு வாருங்கள், தண்ணீர் குடியுங்கள். முன்பே அப்படி ரத்தம் உறைந்தவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் செய்தவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

கடைசியாக, அந்த மூன்றரை மணி நேரப் புதிர். டிக்கெட்டில் போடும் நேரம் எல்லாமே அந்தந்த ஊர் நேரம். சான் பிரான்சிஸ்கோ கோடையில் நம்மை விட பன்னிரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கும், நவம்பர் தொடக்கத்தில் இருந்து மார்ச் வரை பதின்மூன்றரை மணி நேரம். உதாரணத்துக்கு ஜூன் மாதம் டெல்லியில் அதிகாலை 4.30க்குக் கிளம்பி 16 மணி நேரம் பறந்தால், நம்மூர் கடிகாரத்தில் இரவு 8.30. அங்கே அதே நாள் காலை 8 மணி. இங்கே விடிவதற்கு முன்பு கிளம்பி, அங்கே காலை டிபனுக்குப் போய் உட்காரலாம்.

திரும்பும்போது அந்தக் கடனை வட்டியோடு கட்ட வேண்டும். திங்கள் இரவு 9 மணிக்கு சான் பிரான்சிஸ்கோவில் ஏறி 16 மணி நேரம் பறந்தால், டெல்லியில் இறங்கும்போது புதன் அதிகாலை 1.30. செவ்வாய்க்கிழமை என்று ஒன்று வானத்திலேயே போய்விட்டிருக்கும். ஏர்போர்ட்டுக்குக் கூப்பிட வரச் சொல்லி ஊருக்குத் தகவல் கொடுக்கும்போது நேரத்தோடு தேதியையும் கிழமையையும் சேர்த்துச் சொல்லுங்கள். 'புதன் ராத்திரி ஒன்றரை மணி' என்று மட்டும் சொன்னால், பாதிப் பேர் புதன் கழிந்த இரவு என்று நினைத்து ஒரு நாள் தாமதமாகத்தான் வந்து நிற்பார்கள்.